அம்மா இருக்கிற பிள்ளைகள்

எங்கள் இல்லத்தின் படலையில் ஒரு தாய் பிள்ளையுடன் வந்து நின்றால், அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கும். "இஞ்சை விட்டா மூண்டு நேரமும் சாப்பாடு குடுப்பியளோ?" இதைக் கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் தலையைத் தடவியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

"ஓம், குடுப்பம்" என்று நான் சொல்வேன். அது உண்மை. ஆனால் அந்தத் தாய் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. "நான் விட்டிட்டுப் போனா, இந்தப் பிள்ளை பிறகும் என்ரை பிள்ளையாய் இருக்குமோ?" அந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாகச் சரியான பதிலை அறியாமல் இருந்தேன். ஒரு பிள்ளைதான் அதை எனக்குக் கற்றுத் தந்தாள். சகோதரிகளே, அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

நான் 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவள். அந்த இடப்பெயர்வின்போது, வீட்டில் விட்டுவந்த நெல் மூட்டையை எடுத்து வருவதாகச் சொல்லிச் சைக்கிளில் போன என் கணவர் திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அடுத்த வருடம் என் தாயாருடன் வவுனியாவுக்கு வந்து பூந்தோட்டம் நலன்புரி நிலையத்தில் இருந்தேன். 1999 இல் பெண் பிள்ளைகளுக்கான இந்த இல்லத்துக்குச் சமையல் வேலைக்காக வந்தேன். 2005 இல் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பிள்ளைகள் அன்றும் இன்றும் என்னைப் "பெரியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்கள் வளர்ந்து தங்கள் வாழ்க்கையை வாழ வேண்டியவர்கள்.

ஒரு நாளின் வேலை

இல்லம் நடத்துவது என்றால் பெரிய விடயம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் முக்கால்வாசி, நீங்கள் உங்கள் வீட்டில் செய்யும் வேலைதான். அளவுதான் வேறு.

இந்த வருடம் எங்களிடம் 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை நாலரை மணிக்குக் குசினியில் அடுப்பு எரிய வேண்டும். மதியச் சோற்றுக்கு மட்டும் 5 கிலோ அரிசி. ஆறு மணிக்குள் 34 தலைகளையும் வாரிப் பின்ன வேண்டும். மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னி விடுவார்கள். ஒரு தலையில் பேன் வந்தால் ஒரு கிழமைக்குள் எல்லாத் தலையிலும் வந்துவிடும். அதனால் சனிக்கிழமை எங்களுக்குப் பேன் பார்க்கும் நாள். பின்னேரம் படிப்பு, கிணற்றடி, சண்டை, சமாதானம். இரவில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குப் பல்வலி.

அளவில் அடங்காத வேலையும் உண்டு. புதிதாக வந்த பிள்ளைகளில் பலர் படுக்கையில் சலம் போவார்கள். சிலர் பத்து வயதிலும் போவார்கள். பயத்தாலும் பிரிவாலும் வருவது அது. தொடக்கத்தில் எங்களிடம் வேலை செய்த ஒருவர் அந்தப் பாய்களை எல்லோரும் பார்க்கும்படி முற்றத்தில் காயப்போடுவார். வெட்கம் வந்தால் பிள்ளை திருந்திவிடும் என்பது அவருடைய எண்ணம். பிள்ளைகள் திருந்தவில்லை. இரவில் நித்திரை கொள்ளாமல் விழித்திருக்கப் பழகினார்கள். இப்போது நனைந்த பாயைப் பின்பக்கக் கொடியில் போடுகிறோம். விடியமுன் துணி மாற்றிவிடுகிறோம். யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. சில மாதங்களில் அநேகமானவர்களுக்கு அது தானாக நின்றுவிடுகிறது.

இன்னொரு பிள்ளை பாண் துண்டுகளைத் தலையணைக்குள் ஒளித்து வைப்பாள். எறும்பு வந்ததால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. 2009 இன் முதல் மாதங்களில் பதுங்கு குழிகளில் பசியோடு இருந்த பிள்ளை அவள். நாங்கள் ஏசவில்லை. ஒரு தகரப் பேணியில் விசுக்கோத்துப் போட்டு, "இது உன்ரை. எப்ப வேணுமெண்டாலும் எடு" என்று அவளுடைய கட்டிலின் கீழ் வைத்தோம். முதல் மாதம் தினமும் பேணி வெறுமையாகும், நாங்கள் நிரப்புவோம். அடுத்த மாதம் பாதி மிஞ்சியது. ஒரு நாள் அவளே பேணியைக் கொண்டுவந்து, "குசினியிலை வையுங்கோ பெரியம்மா, இஞ்சை எறும்பு வருது" என்றாள். நாளைக்கும் சாப்பாடு கிடைக்கும் என்பதை வாயால் சொன்னால் பிள்ளை நம்பாது. பேணியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு ஊரில் வெடி கொளுத்தினால் முன்பு எங்கள் பிள்ளைகள் மேசைக்குக் கீழே போய்விடுவார்கள். இப்போதுள்ளவர்கள் போருக்குப் பின் பிறந்தவர்கள். அவர்கள் வெடிக்குப் பயப்படுவதில்லை, குடித்துவிட்டு வரும் ஆட்களின் குரலுக்குப் பயப்படுகிறார்கள்.

காசுக் கணக்கும் என் வேலைதான். பிள்ளை ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணம் அரிசிக்கே போதாது. மீதி நல்ல மனம் உள்ளவர்கள் தருவது. 2009 ஐ ஒட்டிய வருடங்களில் உதவி நிறைய வந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. 2022 இல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். அந்த வருடம் படலைக்கு வந்த தாய்மாரின் தொகையும் கூடியது.

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு தருபவர்களை நாங்கள் நன்றியோடு வரவேற்கிறோம். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொதியைக் கொடுத்துப் படம் எடுக்க இப்போது விடுவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். வகுப்பில் கூடப் படிக்கும் பிள்ளை அந்தப் படத்தைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு, "நீ அநாதையோ?" என்று கேட்டால் அதற்கு யார் பதில் சொல்வது?

அநாதை என்ற சொல்

எங்களிடம் உள்ள 34 பேரில் தாய், தந்தை இருவரையும் இழந்தவர்கள் 5 பேர்தான். மற்றவர்களுக்குத் தாயோ தந்தையோ எங்கோ இருக்கிறார். இது எங்கள் இல்லத்தில் மட்டும் உள்ள நிலை அல்ல. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார் என்பது பல வருடங்களாகத் தெரிந்த விடயம்.

அப்படியானால் ஏன் வருகிறார்கள்? தந்தை இறந்துவிட்டார் அல்லது காணாமற் போய்விட்டார். தாய் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். தாய் மறுமணம் செய்த வீட்டில் பிள்ளைக்கு இடமில்லை. தந்தை குடிக்கிறார், அடிக்கிறார். ஊரில் பள்ளிக்கூடம் தூரம். வீட்டில் வயது வந்த பெண் பிள்ளையைத் தனியே விட்டுக் கூலிக்குப் போகத் தாய்க்குப் பயம். பசி. இவற்றில் சில, பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தே காப்பாற்ற வேண்டிய காரணங்கள். மற்றவை, தாய்க்கு ஒரு கை கொடுத்தால் தீரக்கூடியவை. இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத இல்லம் நல்ல நோக்கத்தோடேயே கெடுதல் செய்துவிடும். நான் அப்படிச் செய்திருக்கிறேன்.

நான் செய்த பிழை

2011 இல், நன்னடத்தை உத்தியோகத்தரின் கடிதத்தோடு ஒரு தாய் ஏழு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்தார். முல்லைத்தீவு மாவட்டம். கணவர் 2009 இல் ஷெல் பட்டு இறந்துவிட்டார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, மீளக் குடியேறி, தறப்பாளும் தகரமுமாக ஒரு கொட்டிலில் இருந்தார்கள். தாய் கூலி வேலைக்குப் போனால் பிள்ளை நாள் முழுக்கத் தனியே. சுற்றிவர வீடுகள் இல்லை, பற்றை. அதனால்தான் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் வருவார். விடியற்காலை பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, பதினொரு மணிக்கு வந்து சேருவார். ஒரு பையில் அவித்த கச்சான். இருவரும் வேப்பமரத்தடியில் இருப்பார்கள். அதிகம் கதைக்க மாட்டார்கள். இரண்டு மணிக்குத் தாய் எழும்பினால் பிள்ளை சேலைத் தலைப்பைப் பிடித்துவிடுவாள். விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடத்தில் படிப்பும் இல்லை. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அழுவார்கள்.

ஆறேழு மாதம் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அந்தத் தாயைக் கந்தோருக்குள் கூப்பிட்டு, "தங்கச்சி, நீங்கள் வந்து போனால் பிள்ளை குழம்புது. கொஞ்ச நாளைக்கு வராதேங்கோ. அவள் பழகட்டும்" என்று சொன்னேன். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. முதலில் அது எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தினாள். சாப்பிட்டாள். வகுப்பில் முதலாம், இரண்டாம் இடத்துக்கு வந்தாள். இரவில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொள்வாள். வருகிறவர்களிடம் நான் அவளைக் காட்டி, "வந்த புதிதில் இவளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்று பெருமையாகச் சொல்வேன். தாயின் தொலைபேசி இலக்கம் வேலை செய்யாமல் போனபோதும் நான் பெரிதாகத் தேடவில்லை. ஒரு வருடமும் அதற்கு மேலும் அப்படியே போய்விட்டது.

2013 இல் அவள் நாலாம் தரம். ஒரு நாள் வகுப்பு ஆசிரியை அவளுடைய கட்டுரைக் கொப்பியை எனக்குக் கொடுத்துவிட்டார். தலைப்பு 'எனது அம்மா'. அதில் ஒரு வரிதான் இருந்தது. "எனது அம்மா இறந்துவிட்டார்."

நான் அவளைக் கூப்பிட்டு, "ஏன் பிள்ளை இப்பிடி எழுதினனீ? அம்மா இருக்கிறா எல்லோ?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. எனக்கு ஒரு விடயத்தை விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள்.

"வராத ஆக்கள் செத்தவைதானே பெரியம்மா."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் கணவர் போய் அப்போது பதினேழு வருடங்கள். அவர் வரவில்லை. ஆனால் அவருடைய பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. இன்றும் எழுதவில்லை. யாராவது எழுதச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்படிப்பட்ட நான், உயிரோடு இருக்கும் ஒரு தாயை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையால் இறந்தவர் என்று எழுத வைத்துவிட்டேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளை குழம்புகிறாள் என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் அவள் என்னை அம்மாவாக நினைக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. பிள்ளை இல்லாதவள் நான். இல்லத்தில் வேலை செய்கிற எங்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அதுதான். அழுகிற பிள்ளைக்கு அம்மா நினைவில் இருக்கிறா. அழுகையை நிறுத்திய பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

ஒட்டுசுட்டானுக்குப் போன நாள்

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். மாங்குளத்தில் மாறி ஒட்டுசுட்டானில் இறங்கி, கிராம சேவையாளரிடம் விசாரித்து, ஒரு தம்பியின் மோட்டார் சைக்கிளில் மண் பாதையால் போனேன். அந்தத் தாய் கச்சான் தோட்டத்தில் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்ரை பிள்ளைக்கு என்ன?" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

"ஒண்டுமில்லை, சுகமாய் இருக்கிறாள்" என்றதும் வரம்பில் இருந்துவிட்டார். நான், "ஏன் நீங்கள் வரேல்லை?" என்று கேட்டேன். எந்த முகத்தோடு அதைக் கேட்டேனோ தெரியாது.

"நீங்கள்தானே வரவேண்டாம் எண்டனீங்கள். நான் வந்தனான் அக்கா. ரெண்டு தரம் வந்தனான். பள்ளிக்கூடம் விடுற நேரம் எதிர்ப்பக்கக் கடையடியிலை நிண்டு பாத்திட்டுத் திரும்பிட்டன். நீங்கள் சொன்ன மாதிரி அவள் என்னைக் காணேல்லை."

நான் அந்த வரம்பிலேயே இருந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. "இனி வரலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

சகோதரிகளே, இந்த இடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கொப்பி, குடை, அதிகாரம் எல்லாவற்றோடும் இருக்கும் ஒரு பெண் சொன்னால், ஏழைத் தாய் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்கிறார். அது சட்டம் அல்ல. நீதிமன்றம் தடுத்தாலன்றி, உங்கள் பிள்ளையைப் பார்க்க வராதே என்று சொல்லும் உரிமை எந்தப் பொறுப்பாளருக்கும் இல்லை. பெற்றோரிடமிருந்து பிரிந்து வாழும் பிள்ளைக்கு அவர்களோடு தொடர்ந்து தொடர்பு வைத்திருக்கும் உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் சொல்கிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் அச்சடித்த தாள் எங்கள் கந்தோர்ச் சுவரில் அப்போதும் தொங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் வழி

அந்தத் தாய் திரும்பவும் வந்த முதல் ஞாயிறு, பிள்ளை அவரிடம் போகவில்லை. என் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாய் வேப்பமரத்தடியில் தனியே இருந்து கச்சானை உடைத்து உடைத்து வைத்தார். மூன்றாவது தடவைதான் பிள்ளை போய்ப் பக்கத்தில் இருந்தாள். நாலாவது தடவை, பின்னேரம் இரண்டு மணிக்கு, பழையபடி அழுதாள். நான் அந்த அழுகையைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன்.

அதன் பிறகு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதற்கான வேலையைத் தொடங்கினோம். இது ஒரு நாளில் முடியும் வேலை அல்ல. நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் வீட்டைப் போய்ப் பார்த்தார்கள். தாய்க்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்துக் கட்டி முடியும் வரை காத்திருந்தோம். கதவு பூட்டக்கூடிய ஒரு வீடு, மலசலகூடம், பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள். எங்கள் இல்லத்துக்கு உதவும் ஒருவரிடம் சொல்லித் தாய்க்கு ஒரு தையல் இயந்திரம் எடுத்தோம். இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்தில் செலவாகும் பணத்தோடு பார்த்தால் அந்த இயந்திரத்தின் விலை சிறியது. பிள்ளையைப் பிரிப்பதற்குச் செலவழிக்கிற காசில் ஒரு பகுதியைச் சேர்த்து வைப்பதற்குச் செலவழித்தால் என்ன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஒரு விடுமுறைக்கு மூன்று நாள் அனுப்பினோம். பிறகு ஒரு கிழமை. ஆசிரியைக்கு விருப்பமில்லை. "புலமைப் பரிசில் சோதினை முடியட்டும், கெட்டிக்காரப் பிள்ளையைக் குழப்பாதேங்கோ" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2014 ஆகஸ்டில் சோதினை முடிந்து, டிசம்பரில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் அது கதையாகிவிடும். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது" என்று என்னிடம் தொலைபேசியில் முறையிடுவாள். இல்லத்தில் மின்சாரம் இருந்தது, அங்கே இல்லை. தாயோ, "உன்ரை பெரியம்மாவிட்டையே போ" என்று கோபத்தில் சொல்லிவிட்டு இரவில் அழுவாராம். இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பவும் பழக வேண்டியிருந்தது. அந்த வருடம் மாதம் ஒரு தடவை நாங்கள் போய்ப் பார்த்தோம். பிள்ளையை அனுப்பிய பிறகும் இல்லத்தின் வேலை முடிவதில்லை.

இன்று அவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். தாயோடுதான் இருக்கிறாள்.

போக முடியாத பிள்ளைகள்

எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்தவராலேயே சிதைக்கப்பட்டு, நீதிமன்றத்தின் கட்டளையோடு எங்களிடம் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் படலை பூட்டியிருப்பதே பெரிய ஆறுதல். அப்படியான பிள்ளையிடம் "அம்மாவை மன்னி, வீட்டை போ" என்று புத்தி சொல்லப் பலர் வருவார்கள். நாங்கள் விடுவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மம்மாவோ சின்னம்மாவோ நல்லவராக இருப்பார். அவரைத் தேடுவது எங்கள் கடமை.

தேடியும் யாரும் கிடைக்காதவர்களும் உண்டு. 2009 நடுப்பகுதியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நாலு வயது இருக்கும். தன்னைக் "குட்டி" என்று கூப்பிடுவார்கள், அம்மம்மாவிடம் ஒரு சிவப்பு மாடு இருந்தது என்பவற்றைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. ஊர் தெரியாது, தகப்பனின் பெயர் தெரியாது. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதற்கு அந்த வருடக் கடைசியில் வவுனியாக் கச்சேரியில் யுனிசெப்பின் உதவியோடு ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. அங்கும் பதிந்தோம். பல குடும்பங்கள் வந்து பார்த்தன. ஒவ்வொரு தாயும் அவளுடைய முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனதை நான் மறக்க மாட்டேன். அவளும் மறக்கவில்லை.

பிறப்புப் பதிவு இல்லாததால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்கள் வரும்போது அவள் குசினிக்குள் போய்விடுவாள். பக்கத்துத் தெருவில் தனியே இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் கதைத்தோம். நன்னடத்தைத் திணைக்களத்தின் அனுமதியோடு அவர் ஞாயிறு தோறும் அவளுக்காக மட்டும் வந்தார். பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயம் விளையாடினார்கள். இன்று அவள் இல்லத்தை விட்டுப் போய் வேலை செய்கிறாள். அந்த ஆசிரியையின் வீட்டுக்குத்தான் தீபாவளிக்கு வருகிறாள். பிள்ளைக்குத் தேவை, தனக்கென்று மட்டும் வருகிற ஒரு ஆள்.

பிள்ளையை விட நினைக்கும் தாய்மாருக்கு

உங்களில் யாராவது இன்று அந்த யோசனையில் இருக்கலாம். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிலவற்றை அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அஸ்வெசும கொடுப்பனவு உங்களுக்குக் கிடைக்கிறதா, பிள்ளைக்குக் கல்வி உதவி ஏதும் எடுக்கலாமா என்று கேளுங்கள். வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், சகோதரங்களைப் பிரிக்கக் கூடாது என்றும் அவை சொல்கின்றன.

விடத்தான் வேண்டுமென்றால், அந்த இல்லம் மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தருக்குத் தெரியாமல் எங்கும் விட வேண்டாம். வெறுந்தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். பிள்ளையை யாருக்காவது மகவேற்புக் கொடுப்பது நீதிமன்றத்தினூடாக மட்டுமே நடக்க முடியும். இடையில் நின்று காசு பேசுகிறவரை நம்பாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றை உங்களிடமும் வைத்திருங்கள். உங்கள் தொலைபேசி இலக்கம் மாறினால் அன்றே இல்லத்துக்கு அறிவியுங்கள். எவ்வளவு காலத்துக்கு விடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதை எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, "என்ரை பிள்ளையைத் திரும்ப எடுக்க நான் என்ன செய்ய வேணும்?" என்று கேளுங்கள். இல்லத்தில் பிள்ளைக்கு ஏதாவது தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போக வெட்கப்பட வேண்டாம். பிள்ளை பார்ப்பது பையை அல்ல. நீங்கள் போகும்போது அழுதால் அழட்டும். அடுத்து எப்போது வருவேன் என்று ஒரு நாளைச் சொல்லி, அந்த நாளில் வாருங்கள். வர முடியாவிட்டால் தொலைபேசி எடுத்து, வர முடியவில்லை என்று பிள்ளையிடமே சொல்லுங்கள்.

எங்கள் இல்லத்தின் மாதக் கணக்கில் அரிசி, விறகு, சவர்க்காரம், கொப்பி என்று எழுதி வரும்போது, 2013 இலிருந்து இன்னொரு வரியும் இருக்கிறது. "தாய்மார் பஸ் செலவு." முதல் வருடம் நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, "பிள்ளைகளுக்கென்று வருகிற காசில் தாய்மாருக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் அந்தக் கட்டுரைக் கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் விரித்து வைத்தேன். அவர் வாசித்துவிட்டு மூடினார். அந்த வரியை யாரும் பிறகு வெட்டவில்லை.

2022 இல் எவ்வளவோ செலவுகளைக் குறைத்தோம். அதைக் குறைக்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடி வாங்குகளைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் வைக்க வேண்டும். ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாய் இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை. இதை எழுதி முடித்ததும் நான்தான் அவருக்கு எடுக்க வேண்டும்.